ஆய்வு எலிகளுக்கு மட்டக்களப்பில் ஓர் அறை: அனுமதி எடுத்த அனுபவம்

எலி வைத்து ஆய்வு செய்யப் போகிறேன் என்று எங்கள் பக்கம் யாரிடம் சொன்னாலும், எலி எங்கே எடுப்பீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதில் பெரிய பாடு இல்லை. கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முறைப்படி கடிதம் கொடுத்துக் காசு கட்டினால், ஆய்வுக்கென்றே வளர்க்கும் விஸ்டார் என்ற வெள்ளை எலி எடுக்கலாம். அந்த எலி மட்டக்களப்புக்கு வந்த பிறகு எப்படிப்பட்ட அறையில் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பதில்தான் முழுப் பாடும் இருக்கிறது. விலங்காய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்தபோது, என் விண்ணப்பத்தில் மருந்தைப் பற்றிய பக்கங்களை விட அறையைப் பற்றிய பக்கங்கள்தான் கூட. அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இனிமேல் எழுதப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என் ஆய்வு ஆவரசம்பூச் சாறு இரத்தத்தில் சீனியைக் குறைக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டு நீரிழிவு வரச் செய்ய வேண்டும். அதாவது நோயில்லாத ஒரு உயிருக்கு நாமே நோயைக் கொடுக்கிறோம், அதனால் குழு கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் 1959 இல் சொன்ன மூன்று விடயங்களில் இருந்துதான் விண்ணப்பமே தொடங்குகிறது: விலங்கு இல்லாமல் செய்ய முடியுமா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வேதனையைக் குறைக்க முடியுமா. நாங்கள் எலிகளை ஐந்து பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு எட்டு எலி என்று கேட்டிருந்தோம். எட்டு ஏன் என்று திருப்பிக் கேட்டார்கள். மொத்த எலிகளில் இருந்து பிரிவுகளின் எண்ணிக்கையைக் கழித்தால் 10க்கும் 20க்கும் இடையில் வர வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதன்படி ஐந்து பிரிவுக்கு ஐந்து ஐந்தாக இருபத்தைந்து போதும் என்று முடிவானது.

சரி, இப்போது அறை. எலி இருக்கும் அறை 20 முதல் 26 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 30 முதல் 70 சதவீதம் என்று, ஆய்வு விலங்குகளைப் பராமரிக்கப் பல நாடுகளில் பின்பற்றும் அமெரிக்கக் கையேட்டில் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு என்பது வழமை. சூடான, வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மட்டக்களப்பில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த எண்களின் பாரம் விளங்கும். எலிக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, சூட்டை வால் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியே விடும், அதுவும் போதாவிட்டால் எச்சிலை உடம்பில் பூசிக்கொள்ளும். சூடு கூடிய கூட்டில் எலிகள் ஒன்றை விட்டு ஒன்று விலகி, வயிறு தரையில் ஒட்ட நீட்டிப் படுத்திருக்கும். அந்த நிலையில் தீனும் குறையும், தண்ணீர் குடிப்பதும் மாறும், பிறகு சீனியின் அளவு மாறியது ஆவரசாலா சூட்டாலா என்று யார் சொல்வது? மார்கழி, தையில் செய்யலாம் என்றால் குளிர்ச்சி கிடைக்கும், ஆனால் மழைக் காலத்தில் ஈரப்பதன் எழுபதைத் தாண்டி நிற்கும், வெள்ளப் பயமும் உண்டு. 2011 தை வெள்ளம் போல ஒன்று வந்தால் எலிகளை எங்கே தூக்குவீர்கள் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. கீழ்த்தள அறையை விட்டு மேல்தளத்தில் ஒரு அறை கேட்டு வாங்கியது அதற்குப் பிறகுதான்.

கரண்ட் போனால் என்ன என்பதும் அதே கூட்டத்தில் வந்தது. 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது, யாரும் மறக்கவில்லை. ஏசிக்கு ஜெனரேட்டர் இணைப்பு, அது தொடங்கும் வரை காற்றை இழுத்துவிட ஒரு மின்விசிறி, கூடிய குறைந்த வெப்பநிலை இரண்டையும் காட்டும் வெப்பமானி, பக்கத்தில் ஒரு பதிவேடு என்று எழுதிக் கொடுத்தோம்.

கூட்டுக்கு ஊரில் வெல்டிங் வேலை செய்கிற ஒரு அண்ணன் கம்பித் தளம் வைத்துச் செய்து தருகிறேன், கழுவ லேசு என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் கம்பியிலேயே நடந்தால் எலியின் பாதம் புண்ணாகும். அடி மூடிய பிளாஸ்டிக் கூடு, மேலே கம்பி மூடி, ஒரு கூட்டில் இரண்டு மூன்று எலி, தனியாக ஒன்றையும் விடுவதில்லை. கீழே விரிக்க உமிதான் எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும், எந்த மில்லிலும் எடுக்கலாம், ஆனால் தூசி அதிகம். சலித்து, நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்து எடுத்தே போட்டோம்.

நீரிழிவு வந்த எலிகள் எவ்வளவு சிறுநீர் கழிக்கும் என்பதைக் குழுவில் இருந்த மிருக வைத்தியர்தான் முன்கூட்டியே எச்சரித்தார். ஊசி போட்டுச் சில நாட்களுக்குள் தண்ணீர்ப் போத்தல் ஒன்று போதாமல் போனது, காலையில் மாற்றிய உமி மறுநாள் காலையில் கையில் எடுத்தால் பிழியலாம் போல இருந்தது. மூடியைத் திறந்தால் அமோனியா மூக்கில் ஏறும், அதற்குள்தான் எலி இரவு முழுக்க இருந்திருக்கிறது. கிழமைக்கு இரண்டு தரம் கூடு மாற்றுவது என்கிற வழமை நோயில்லாத எலிக்குத்தான் சரி. நீரிழிவு எலிக்குத் தினமும் மாற்றுவோம், இரண்டு போத்தல் வைப்போம் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள், அதற்கான உமியையும் ஆள் வேலையையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

குழுவில் விஞ்ஞானம் படிக்காத ஒருவரும் இருப்பார். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். எல்லாரும் கேட்டு முடித்த பிறகு, "மகள், தைப்பொங்கல் அன்று இதுகளுக்கு யார் தண்ணீர் வைக்கிறது?" என்றார். போயா, சனி, ஞாயிறு, பெருநாள் எல்லாவற்றுக்கும் பெயர் போட்டு ஒரு அட்டவணை இணைத்த பிறகுதான் அந்தப் பகுதி ஏற்கப்பட்டது. என்னோடு வேலை செய்த முஸ்லிம் நண்பர் பொங்கலன்று வந்தார், பெருநாளன்று நான் போனேன்.

எலிகள் கொழும்பிலிருந்து இரவில், ஏசி வான் வண்டியில், பெட்டிக்குள் வெள்ளரிக்காய்த் துண்டுகளோடு வந்தன. வந்த முதல் கிழமை எந்தப் பரிசோதனையும் இல்லை, அறைக்கும் நம் கைக்கும் பழகுவதற்கான நாட்கள் அவை. வாலில் பிடித்துத் தூக்கக் கூடாது, தோளைச் சுற்றிக் கையை வைத்து, பின்பக்கத்தைத் தாங்கி எடுக்க வேண்டும். இரண்டாம் நாள் ஒரு எலியின் கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாகக் கசிந்திருந்தது. இரத்தம் என்று ஆய்வுகூட உதவியாளர் பதறிவிட்டார். அது இரத்தமில்லை, களைப்பிலோ பயத்திலோ எலியின் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் இருந்து வருகிற நிறமி. பயணக் களைப்பு தீர அதுவும் நின்றது. தினமும் பார்க்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், திரும்பத் திரும்ப வந்தால் அந்த எலிக்கு ஏதோ சரியில்லை.

எப்போது நிறுத்துவீர்கள் என்ற பகுதியைப் பலர் ஒரு வரியில் முடிக்கிறார்கள், செய்யாதீர்கள். உடல் எடை இருபது சதவீதம் குறைந்தால், அல்லது தீனுக்கு எழுந்து வராமல் முதுகைக் கூனி மயிர் சிலிர்த்து இருந்தால், ஆய்வு முடியும் நாளைப் பார்க்காமல் அந்த எலியை வேதனையில்லாமல் முடித்துவிடுவோம் என்று எழுதினோம், எந்த மயக்க மருந்து, யார் கொடுப்பது, இறந்ததை எப்படி உறுதி செய்வது என்பதையும் சேர்த்து. ஒரு எலிக்கு அந்த நாள் வந்தது. தரவு ஒன்று குறையும் என்று தெரிந்தே, எழுதியபடி செய்தோம்.

அனுமதிக் கடிதம் நிபந்தனையோடுதான் வரும். இடையில் ஒரு தரம் குழுவில் இருந்து வந்து அறையைப் பார்ப்பார்கள், முடிந்ததும் அறிக்கை கேட்பார்கள். வெப்பநிலைப் பதிவேட்டை முதல் நாளில் இருந்தே விடாமல் எழுதுங்கள். விலங்காய்வுக் கட்டுரைகளுக்கான அரைவ் வழிகாட்டியும் கூடு, வெப்பநிலை, உமி எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறது. எங்கள் அட்டவணையோ பதிவேட்டின் மாதிரியோ வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.