மஞ்சள் போட்டேன், செங்கல் வந்தது

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு சோப்பு கொடுக்கலாம் என்று ஆனி பிறந்ததுமே ஆரம்பித்துவிட்டேன். சோப்பு செய்வது எனக்குப் புதிதில்லை, வெள்ளையாக நாலைந்து தடவை செய்திருக்கிறேன். நிறம் சேர்ப்பதுதான் முதல் தடவை. கடைச் சாயம் வேண்டாம், சமையலறையில் இல்லாத நிறமா என்று ஒரு தெனாவெட்டு.

என் கணக்கு இது: தேங்காய் எண்ணெய் 250 கிராம், கடலை எண்ணெய் 200, விளக்கெண்ணெய் 50, காஸ்டிக் சோடா 75, தண்ணீர் 160. தண்ணீர் உட்பட எல்லாமே தராசில் நிறுத்துதான். சோடாவைத் தண்ணீரில் கொட்ட வேண்டும், சோடா மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சோடா அதை அரித்துவிடும், எவர்சில்வர்தான்.

முதலில் மஞ்சள். ஒரு ஸ்பூன் தூளை எண்ணெயில் குழைத்துவிட்டு சோடாத் தண்ணீரை ஊற்றினேன். விழுந்த இடமெல்லாம் சிவப்புக் கோடு ஓடியது. கலக்கக் கலக்க மொத்தமும் செங்கல் நிறம். ஏதோ கெட்டுப்போன மஞ்சள் என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை எட்டிப் பார்த்தார்.

"ஆரத்தி கரைக்கறப்ப மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு எதுக்குப் போடறோம்?"

அவ்வளவுதான் கேட்டார். எத்தனை கல்யாணத்தில் கரைத்திருப்பேன்! சுண்ணாம்பும் காரம், காஸ்டிக் சோடா அதைவிடக் கடுங்காரம். குங்குமம் சிவப்பதும் இதே வித்தையில்தான். சோப்பு இறுகி ஆறின பிறகும் பிஎச் 9, 10 என்று காரமாகத்தான் இருக்கும். ஆக, கையில் இருக்கும் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது, காரத்தில் அது என்னவாகும் என்றுதான் பார்க்க வேண்டும்.

புரிந்தும் பீட்ரூட்டை விடவில்லை. ஊற்றும்போது ரோஜா நிறம், சாயங்காலம் பழைய புளி. செம்பருத்தியைப் பற்றிப் பேச வேண்டாம். இரண்டையும் சீவி, பாத்ரூம் கழுவ வைத்துக்கொண்டேன்.

ஏற்காட்டுக் காப்பித்தூள் ஏமாற்றவில்லை. தண்ணீருக்குப் பதில் ஃப்ரிட்ஜில் குளிர வைத்த டிகாஷனில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். நாற்றம் தெருமுனை வரை போயிருக்கும்! ஆனால் நல்ல பழுப்பு, நாற்றமும் இரண்டு வாரத்தில் போய்விட்டது.

வேம்பாளம் பட்டைக்குச் செவ்வாய்ப்பேட்டை போனேன். நாட்டு மருந்துக் கடைக்காரர், "தலைக்கு எண்ணெய் காய்ச்சவா கண்ணு?" என்றார். சோப்புக்கு என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நிறுத்துக் கொடுத்தார். இருபது கிராம் பட்டையை அந்த 200 கிராம் கடலை எண்ணெயில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அரை மணி நேரம் வைத்தேன். அப்படியே ஒரு வாரம் ஊறவிட்டு வடிகட்டினால் மாதுளைச் சாறு மாதிரி எண்ணெய். பட்டை குடித்துக்கொண்ட எண்ணெய்க்கு ஈடாக இன்னும் கொஞ்சம் சேர்த்து 200 கிராமுக்குச் சரிக்கட்டினேன். சோடாத் தண்ணீர் பட்டதும் சிவப்பு இருண்டு சாம்பலாகி, இதுவும் போச்சு என்று நினைக்கும்போது ஊதா எட்டிப் பார்த்தது. மறுநாள் அச்சிலிருந்து எடுத்து வெட்டினால், அச்சு அசல் கத்திரிப்பூ கலர்! வெயில் பட்டால் வெளுக்கும் என்பதால் அலமாரிக்குள் வைத்தே நாலு வாரம் ஆறவிட்டேன்.

பண்டிகை அன்று கத்திரிப்பூ சோப்புக்குத்தான் அடிதடி. எந்தச் சாயம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அத்தை மட்டும் செங்கல் சோப்பை எடுத்துக்கொண்டார். அதற்குள் அது வெளுத்துப் பரங்கிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.