தொடர்கள் ஏன் ஓடுகின்றன, ஏன் நிற்கின்றன: இந்தக் கேள்விக்கு நான் படித்த விதம்

ஊடகவியல் படிப்பவர்களிடம் தொலைக்காட்சித் தாளில் இப்படி ஒரு கேள்வி கேட்பார்கள்: சில தொடர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடும்போது சில சீக்கிரமே முடிவது ஏன்? எல்லோரும் பார்க்கிற சமாச்சாரம்தானே, படிக்காமலே எழுதிவிடலாம் என்று தோன்றும். "கதை நன்றாக இருந்தது, மக்களுக்குப் பிடித்தது, ஓடியது" என்று இரண்டு பக்கம் நிரப்பிவிட்டு வருவார்கள். நன்றாக இருந்தும் நின்றுபோன தொடர்கள் எத்தனையோ இருக்க, அந்தப் பதிலுக்கு மதிப்பெண் எப்படி வரும்?

கோட்பாட்டு அத்தியாயத்துக்குப் போகும் முன் நான் ஒரே ஒரு தொடரை எடுத்து, அதன் பிழைப்பை ஆண்டுவாரியாகக் குறித்துக்கொண்டேன். ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கதைத் தொடர். 1966 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. ரேட்டிங் சுமார்தான். இரண்டாம் சீசனிலேயே நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்ப, ரசிகர்கள் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். மூன்றாம் சீசன் கிடைத்தது. ஆனால் கூடவே பட்ஜெட்டைக் குறைத்து, வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள். இந்தத் தொடரைத் தேடிப் பார்த்த இளைஞர்கள் வெளியே கிளம்பிவிடுகிற நேரம் அது. 1969-இல் 79 எபிசோடுகளோடு கதை முடிந்தது. வேடிக்கை அப்புறம்தான். உள்ளூர் சேனல்கள் மறுஒளிபரப்பு செய்யச் செய்ய, முதலில் வந்த காலத்தைவிடப் பெரிய கூட்டம் சேர்ந்தது. 1979-இல் திரைப்படமாகவே வந்துவிட்டது.

பதிலுக்கு வேண்டியதில் பாதி இதிலேயே கிடைத்துவிடுகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு, யார் பார்த்தார்கள், எந்த நேரத்தில், விளம்பரம் கொடுப்பவருக்கு அவர்கள் வேண்டியவர்களா என்பதும் கணக்கில் வரும். மறுஒளிபரப்பு வருமானம் தனிக் கணக்கு. ஏறத்தாழ 100 எபிசோடு சேர்ந்தால் மறுஒளிபரப்புக்கு நன்றாக விற்கலாம் என்பது அமெரிக்கத் தொலைக்காட்சித் தொழிலில் வெகுகாலமாக இருந்த கணக்கு. சுமாராக ஓடும் தொடரையும் அந்த எண்வரை இழுத்துப் பிடிக்க இது ஒரு காரணம்.

அடுத்தது செலவு. மாணவர்கள் அதிகம் விட்டுவிடும் பகுதி இதுதான் என்பது என் அபிப்பிராயம். தொடர் ஓட ஓட நடிகர் சம்பளம் ஏறும். ஃப்ரெண்ட்ஸ் தொடரின் கடைசி இரண்டு சீசன்களில் ஆறு முதன்மை நடிகர்களும் எபிசோடுக்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர் வாங்கினார்கள். நடிகர்களுக்கு வயதும் ஆகும், சிலர் விலகியும் போவார்கள். 1989 முதல் ஓடும் சிம்ஸன்ஸுக்கு வயதுத் தொல்லை இல்லை, அது கார்ட்டூன் தொடர். பாத்திரங்களுக்கு வயதே ஆவதில்லை. 1963-இல் பி.பி.சி. தொடங்கிய டாக்டர் ஹூ இன்னும் சாமர்த்தியம். 1966-இல் கதாநாயக நடிகர் விலகியபோது, அந்தப் பாத்திரம் உடலையே மாற்றிக்கொள்ளும் என்று கதையில் எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து நடிகர் மாறலாம், தொடர் நிற்க வேண்டியதில்லை. அப்படியும் 1989-இல் நின்று, 2005-இல்தான் மறுபடி தொடராக வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பிறகு கதையின் அமைப்பு: ஊற்றுள்ள கிணறா, ஒரு தடவை நிரப்பிய தொட்டியா? வாரம் ஒரு வழக்கு, வாரம் ஒரு நோயாளி என்று போகும் தொடர் எத்தனை ஆண்டும் ஓடும். ஒரே மர்மத்தைச் சுற்றும் கதை, விடை தெரிந்ததும் முடிந்தாக வேண்டும். ஐந்தே எபிசோடில் முடிந்த செர்னோபில் தொடரைத் தோல்வி என்று யாராவது சொல்வார்களா? அமெரிக்க நகைச்சுவைத் தொடரான சைன்ஃபெல்ட் 1998-இல் ரேட்டிங்கின் உச்சியில் இருந்தபோதே தானாக விடைபெற்றது. ஆகவே தானாக முடித்துக்கொண்டவற்றையும் சேனல் நிறுத்தியவற்றையும் பதிலின் தொடக்கத்திலேயே தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். திருத்துபவருக்கு இது உடனே கண்ணில் படும்.

ஓடிடி பற்றி ஒரு பத்தி போதும். அங்கே பெரும்பாலும் சந்தாதான் வருமானம். புதிய சீசன் புதிய சந்தாதாரரைக் கொண்டுவருகிறதா, தொடங்கியவர்கள் கடைசிவரை பார்த்தார்களா என்று கணக்குப் பார்ப்பார்கள்.

பயிற்சிக்கு, நீங்கள் பார்த்து முடித்த ஏதாவது ஒரு தொடரை எடுங்கள். யார் பணம் போட்டார்கள், எந்த நேரத்தில் வந்தது, யார் விலகினார்கள், கதையில் என்ன மிச்சமிருந்தது என்று அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். தேர்வில் மூன்று உதாரணங்களுக்கு மேல் வேண்டாம். ஆண்டு சரியாக நினைவில்லையா, "அறுபதுகளின் கடைசியில்" என்று எழுதிவிட்டு நகருங்கள்.