கூரை மேலிருந்த அன்னக்கூடை

கடலிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் செய்தி அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டரை எங்கள் விசைப்படகில் மாட்டுவதற்கு முன்னால், நார்வேயில் இருக்கும் அத்தான் ஒரு யோசனை சொன்னார். மலையேறப் போகும்போது தான் கொண்டுபோகும் கார்மின் இன்ரீச்சைத் தந்துவிடுகிறேன் என்றார். உள்ளங்கை அளவுக் கருவி. டவரே இல்லாத இடத்திலும் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகச் செய்தி போகும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வாங்கிவரச் சொல்ல நினைப்பவர்கள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

அப்புறம் மீன்வளத்துறை மூலம் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் வந்தது. காசு வாங்கவில்லை. தடைக்காலத்தில் படகு அக்கரைப்பேட்டையில், கடுவையாற்றில் கட்டிக் கிடந்தபோது மாட்டினார்கள். 2015இல் ஏவிய ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாக இது வேலை செய்கிறது. அது நிற்பது 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில்; நாகப்பட்டினத்துக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே. அதனால் வீல் ஹவுஸ் கூரையில் ஆண்டெனாவுக்கு மேல் வானம் திறந்திருக்க வேண்டும். போனில் செய்தி எழுதி அனுப்ப நப்மித்ரா என்ற செயலி, கருவியோடு புளூடூத் இணைப்பு, அவ்வளவுதான்.

தை மாதம். கோடியக்கரைக்குத் தென்கிழக்கே புரொப்பல்லரில் வலை சுற்றி இன்ஜின் நின்றுவிட்டது. நங்கூரம் பிடிக்கவில்லை. வாடைக் காற்றும் நீவாடு என்கிற கடல் நீரோட்டமும் படகை எல்லைக்கோட்டுப் பக்கம் தள்ளின. தாண்டினால் படகும் போச்சு, ஆளுக்கும் சிறை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சித்தப்பாவுக்குத் தொண்டை கட்டியது. பக்கத்தில் ஒரு படகும் இல்லை. செயலியில் செய்தி எழுதினேன்; போகவில்லை. மறுபடி அனுப்பினேன், அப்போதும் போகவில்லை.

கூரையில் ஏறிப் பார்த்தேன். மீன் அள்ளும் அலுமினிய அன்னக்கூடையை யாரோ கழுவி, ஆண்டெனா மேலேயே கவிழ்த்து வைத்திருந்தார்கள். விளிம்பில் செதில்கூடக் காயவில்லை.

"அத மொதல்ல எடுடா தம்பி!" என்று கீழேயிருந்து சித்தப்பா கத்தினார்.

எடுத்ததும் செய்தி போனது. அவசர பட்டனையும் அழுத்தினோம். கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து பதில் வந்தது. அதை இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னார் சித்தப்பா. அந்தி சாய்வதற்குள் நம்மூர்ப் படகுகள் இரண்டு வந்து கயிறு போட்டு இழுத்தன.

இப்போது முகத்துவாரம் தாண்டும் முன்பே ஒரு சோதனைச் செய்தி அனுப்பிவிடுகிறோம். சாதாரணச் செய்திதான், அவசர பட்டனைச் சோதனைக்குத் தொடுவதே இல்லை, கடலோரக் காவல்படை உண்மையென்று நம்பிக் கிளம்பிவிடும். அவர்களுடைய 1554 எண்ணை வீல் ஹவுஸில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறோம், டவர் கிடைக்கும் தூரத்துக்கு அது. அன்னக்கூடைக்கு இப்போது ஐஸ் அறைக்குப் பக்கத்தில் தனி ஆணி.