கலேரா கிளஸ்டரில் எஸ்எஸ்எல்: லாகைப் பார்த்து உறுதி செய்த அனுபவம்

மூன்று நோடு (சர்வர்) கொண்ட மரியாடிபி கலேரா கிளஸ்டர்; ஒரே டேட்டாபேஸை மூன்றும் ஒத்த நிலையில் வைத்திருக்கும். நோடுகளுக்கிடையே போகும் தரவு எஸ்எஸ்எல் வழியாக என்க்ரிப்ட் (மறைகுறியாக்கம்) ஆக வேண்டும். கான்ஃபிகில் கீ, சான்றிதழ், சிஏ (சான்றிதழுக்கு உறுதி தரும் அமைப்பு) மூன்றுக்கும் பாதை எழுதியதோடு வேலை முடிந்ததாக விட எனக்கு மனம் வரவில்லை. சர்வர் உண்மையில் என்ன செய்கிறது என்று லாகில் பார்த்தே தீர வேண்டும்.

எஸ்எஸ்எல் போட்ட நோடும் போடாத நோடும் சாதாரணமாக ஒன்றோடொன்று பேசாது. புதிய பதிப்புகளில் ஒவ்வொரு நோடாக மாற்ற வழி இருக்கிறது. எங்களுக்கு நிறுத்த அனுமதி கிடைத்ததால் எல்லாவற்றையும் நிறுத்தி, ஒன்றை பூட்ஸ்ட்ராப் செய்தேன், அதாவது கிளஸ்டரின் முதல் நோடாகத் தொடங்கினேன்.

ஸ்டார்ட்அப் லாகில் முதலில் தேடியது, நோடுகள் ஒன்றோடொன்று பேசும் 4567 போர்ட் வரும் வரி. முன்பு ‘டிசிபி’ (என்க்ரிப்ட் இல்லாத இணைப்பு) என்று தொடங்கிய முகவரி இப்போது ‘எஸ்எஸ்எல்’ என்று தொடங்கியது. ஆனால் இது அந்த நோடு காத்திருக்கும் விதத்தை மட்டுமே காட்டுகிறது. இரண்டாவது நோடு சேர்ந்தபோதுதான் ‘ஹேண்ட்ஷேக்’ (இரு பக்கமும் என்க்ரிப்ட் முறையை ஒப்புக்கொள்ளும் படி) வெற்றி என்ற வரி, எதிர்முனை முகவரியும் சைஃபர் (என்க்ரிப்ட் முறை) பெயருமாக வந்தது. என்னைக் கேட்டால் நம்ப வேண்டியது இந்த வரியைத்தான். ஒரு நோடில் பழைய கான்ஃபிகே இருந்தால் இதே இடத்தில் ‘ராங் வெர்ஷன் நம்பர்’ என்று பிழை வரும். படித்தால் டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்லின் இன்றைய வடிவம்) பதிப்புச் சிக்கல் போலத் தோன்றும். பெரும்பாலும் எதிர்ப்பக்கம் என்க்ரிப்ட் செய்யாமல் பேசுகிறது என்பதுதான் விஷயம்.

சரி, முடிந்தது என்று நினைத்தால், எஸ்எஸ்டி (முழுத் தரவையும் நகலெடுத்து அனுப்புவது) பாக்கி. புதிதாகச் சேரும் நோடுக்கு முழுத் தரவும் 4444 போர்ட் வழியாகப் போகிறது. மேலே எழுதிய எஸ்எஸ்எல் அமைப்பு மரியாபேக்கப் (மரியாடிபியின் பேக்கப் கருவி) வழி எஸ்எஸ்டியைத் தொடாது. லாகிலேயே இது தெரிந்தது: தரவை நெட்வொர்க்கில் கடத்தும் சோகேட் கட்டளை ‘டிசிபி லிசன்’ என்று ஓடியது. மொத்த டேட்டாபேஸும் திறந்த நிலையில் போகிறது என்று பொருள்!

எல்லா நோடுகளிலும் எஸ்எஸ்டி பகுதியில் தனியாக என்க்ரிப்ட் அமைப்பைச் சேர்த்து, ஒரு நோடை முழுதாக மறுபடி இழுக்க வைத்தேன். இப்போது அதே வரியில் ‘ஓபன்எஸ்எஸ்எல் லிசன்’. விடுபட்ட மாற்றங்களை மட்டும் அனுப்பும் ஐஎஸ்டிக்குத் தனி வேலை இல்லை. 4568 முகவரியும் ‘எஸ்எஸ்எல்’ என்றே வந்துவிட்டது.

கிளையன்ட் இணையும் 3306 போர்ட் இந்த வரிகள் எதிலும் அடங்காது. அதற்குத் தனி அமைப்பு. கிளையன்டாக இணைந்து, நடப்பு சைஃபர் காலியாக இல்லையா என்று ஸ்டேட்டஸில் பார்த்துக்கொண்டேன்.