போர் நடக்கும் நாட்டில் மருத்துவப் பயிற்சி

ராயபுரத்தில் என் கிளினிக்கை மூடிய பிறகு, இரவு 9.30 மணிக்கு, அதாவது சூடானில் மாலை 6 மணிக்கு, அங்கே அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர் ஒருவருக்கு வழிகாட்டி வருகிறேன். 2023 ஏப்ரல் 15 அன்று சூடானின் தலைநகர் கார்ட்டூமில் போர் மூண்டபின் பெரும்பாலான மருத்துவமனைகள் செயலிழந்தன; மூத்த மருத்துவர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேற, வார்டைத் தாங்கும் பொறுப்பு பயிற்சி மருத்துவர்கள் மீதே விழுந்தது.

தொலைவிலிருந்து வழிகாட்டும் இத்தகைய திட்டங்கள் உற்சாகமாகத் தொடங்கிப் பாதியில் ஓய்ந்துவிடுவதற்குக் காரணம் ஆர்வக் குறைவு அன்று. மின்சாரமும் இணையமும் நிலையில்லாத இடத்தில் காணொளி வகுப்பையே நம்புவதும், ஒருவருக்கு ஒரே வழிகாட்டி என்று வைத்துவிடுவதும்தான். நாங்கள் குரல் பதிவுக்கு மாறினோம். வயிற்றில் குண்டுச்சிதறல் பாய்ந்த ஒருவரின் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கையிருப்பில் எத்தனை யூனிட் ரத்தம் என்பதையெல்லாம், நோயாளியின் பெயரோ ஊரோ இல்லாமல், அந்த இளம் மருத்துவர் சொல்லி அனுப்புவார். சிக்னல் கிடைக்கும்போது என் பதில் போய்ச் சேரும். சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்தில் ஸ்கேன் எடுக்கச் சொல்வது அறிவுரையே ஆகாது. நான் இல்லாத நாளில் இரண்டாவது வழிகாட்டி அதே குறிப்புகளைப் படித்துவிட்டுத் தொடர்வார்.

ஆனால், அங்கேயே தங்கிவிட்ட மூத்தவர்களுக்குச் சம்பளமும் கற்பிக்க நேரமும் கிடைக்காவிட்டால், வெளியிலிருந்து நாங்கள் செய்யும் எதுவும் நிலைக்காது. நிதி கொடுப்பவர்கள் ஓராண்டோடு நிறுத்தாமல், பயிற்சிக் காலம் முழுவதற்கும் ஒதுக்க வேண்டும்.