புட்டிக்குள் பென்சில் எழுத்து

கடலியல் துறையில் சேர்ந்த முதல் வாரமே அண்ணன் என் கையிலிருந்த பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலைக் கொடுத்தார். "ஃபார்மலின்ல மை நிக்காது பாப்பா. கொஞ்ச நாள்ல சீட்டு வெள்ளையா கெடக்கும். உள்ள இருக்கிறது எந்தக் கடல்ல எடுத்ததுன்னே தெரியாது" என்றார். கடலில் எடுத்த உயிரிகள் கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றிப் புட்டியில் வைப்போம். வெளியே ஒட்டும் காகிதம் ஈரத்தில் உரிந்துவிடும். அதனால் புட்டிக்குள்ளேயும் ஒரு சீட்டு கிடக்க வேண்டும், அதைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். இன்றும் புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். எனக்குச் சொல்லித் தந்தவர் போன கார்த்திகையில் இறந்துபோனார்.

எங்கள் துறையில் ஆய்வக உதவியாளராக இருந்தவர். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே உள்ள ஒரு மீனவக் கிராமத்துக்காரர். அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் மூத்த பேராசிரியர்கள் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அண்ணன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

ராமநாதபுரம் கரைக்கு இரண்டு கடல். பாக் விரிகுடா வடகடல், மன்னார் வளைகுடா தென்கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை பிறந்துவிட்டால் அப்படியே தலைகீழ். எந்த மாதம் எந்தக் கடலுக்குப் போவது என்று துறையில் கூடிப் பேசி அட்டவணை போடுவோம். அப்புறம் அதை அண்ணனிடம் காட்டுவோம். அவர் இரண்டு தேதியை மாற்றிக் கொடுப்பார். மாற்றியபடிதான் போவோம்.

கரைந்த ஆக்சிஜன் பார்க்கத் தண்ணீர் எடுப்பது சின்ன வேலை என்று நினைத்திருந்தேன். ரப்பர் குழாயின் நுனி புட்டியின் அடியைத் தொட வேண்டும். தண்ணீர் அடியிலிருந்து ஏறி, நிரம்பி, இரண்டு மூன்று மடங்கு வழிந்து போக வேண்டும். ஆடும் வத்தைப் படகில் அண்ணன் புட்டியை மடியில் இடுக்கிக்கொண்டு அதைச் செய்வார். பிறகு மாங்கனீஸ் கரைசல் ஒரு மில்லி, அயோடைடு ஒரு மில்லி, இரண்டையும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே விட்டு, மூடியைச் சாய்வாகச் செருகி, தலைகீழாகக் கவிழ்த்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பழுப்பு நிறத்தில் திரிதிரியாகப் படிவு இறங்கும். நான் எடுத்த முதல் புட்டியில் கடுகளவு ஒரு காற்றுக் குமிழி இருந்தது. "செல்லாது. கொட்டிட்டு மறுபடி எடுங்க" என்றார். அன்று நான்கு முறை கொட்டினேன். படகோட்டி முணுமுணுத்தார். அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

இன்னொரு நாள் கடற்புல் படுகையில் வலையை உதறும்போது ஓரா மீனின் முள் என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. குத்தியவர்களுக்குத் தெரியும், தோள் வரை கடுக்கும். அண்ணன் கரைக்கு வந்ததும் டீக்கடையில் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி, முதலில் தன் கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டு, பிறகு என் விரலை முக்கினார். அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆற ஆற வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த விஷம் சூட்டில் வீரியம் இழக்கும் என்று நான் புத்தகத்தில் படித்தது அப்புறம்தான்.

சிப்பி, சங்கு வகைகளைப் போட்டு வைக்கும் ஃபார்மலினில் ஒரு கரண்டி வெங்காரம், அதாவது போராக்ஸ், சேர்ப்பார். ஃபார்மலின் நாளாக ஆகப் புளித்து அமிலமாகும். அமிலம் சிப்பியின் ஓட்டை அரித்துச் சுண்ணாம்புபோல் வெளிற வைத்துவிடும். வெங்காரம் அதைத் தடுக்கும். முதல் பேராசிரியர் எப்போதோ ஒருமுறை சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஓய்வு பெறும் வரை யாரும் கேட்காமலே செய்துவந்தார். அவர் கை பட்ட சங்குகள் இன்றும் பளபளப்பாக இருக்கின்றன. அவர் விடுப்பில் இருந்தபோது வேறு ஆள் போட்டு வைத்த ஒரு வரிசை மட்டும் வெளிறிப்போய் நிற்கிறது.

இனி சீட்டுக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தேதி, மாதிரி எடுத்த நிலையத்தின் எண், ஆழம், வலைக்கண்ணின் அளவு. இந்த நான்கும்தான் சீட்டில் இருக்க வேண்டியவை. அண்ணன் அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரி எழுதுவார். "கச்சான், லேசு. வாநீவாடு." "வெள்ளுவா கழிஞ்சு ரெண்டாம் நாள்." "நேத்து விசைப்படகு ஓட்டம்." வாநீவாடு என்பது நீரோட்டம், வெள்ளுவா என்பது பௌர்ணமி. நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் ஒரு மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. அலமாரி முழுவதும் சீராக இருக்க வேண்டும் என்று அச்சடித்த சீட்டுகள் தயாராயின. பழையவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போடும் பொறுப்பு என்னுடையது. "இந்தக் கதையெல்லாம் வேண்டாண்ணே, தேதியும் நம்பரும் போதும்" என்று நான்தான் அவரிடம் சொன்னேன். அவர் சரி என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

என் ஆய்வேட்டில் நீரின் தெளிவைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. வெள்ளையும் கறுப்புமான செக்கி தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துக்கொள்வோம். கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. ஒரே இடத்தில் சில நாள் மூன்று மீட்டர் வரை தெரியும் தட்டு, சில நாள் ஒன்றரை மீட்டரிலேயே மறைந்துவிட்டது. மழை என்று எழுதினேன். மழை பெய்யாத நாட்களுக்குக் காற்று என்று எழுதினேன். பட்டமும் வாங்கிவிட்டேன்.

பல வருடம் கழித்து என்னிடம் சேர்ந்த ஒரு மாணவி மிதவை உயிரிகளை மறுபடி எண்ணுவதற்காக அந்தப் பழைய புட்டிகளைத் திறந்தாள். "மேம், இதுல ரெண்டு ரெண்டு சீட்டு இருக்கு" என்றாள். அச்சடித்த சீட்டுக்குப் பின்னால், எழுத்து உள்பக்கம் பார்க்கும்படி, அண்ணனின் பழைய சீட்டு. ஒன்றைக்கூட அவர் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துத் தட்டில் பரப்பினோம். என் ஆய்வேட்டில் செக்கி தட்டு சீக்கிரம் மறைந்த நாட்களை எடுத்து ஒப்பிட்டோம். அநேகமாக எல்லாச் சீட்டிலும் அதே வரி இருந்தது: "நேத்து விசைப்படகு ஓட்டம்."

பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று ஓர் ஏற்பாடு உண்டு. பெரும்பாலான இடத்தில் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஆழமில்லாத கடல் அது. விசைப்படகின் இழுவலை அடிச்சேற்றைக் கிளறிவிட்டால் கலக்கல் அடங்க நேரமாகும். கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் கீழே இறங்காது. வெளிச்சமில்லாமல் கடற்புல் வளராது. கடற்புல்லை நம்பித்தான் ஓராவும் நண்டும் ஆவுளியா என்ற கடற்பசுவும் இருக்கின்றன. தட்டு மிக ஆழம் வரை தெரிந்த நாட்களின் சீட்டில் "தடைக்காலம்" என்று இருந்தது. ஏப்ரல் 15-ல் தொடங்கும் மீன்பிடித் தடை அப்போது 45 நாள், இப்போது 61 நாள். காரணம் புட்டிக்குள்ளேயே தமிழில் எழுதிக் கிடந்திருக்கிறது. நான் மழைமானியைத் தேடிப் போயிருக்கிறேன்.

ஒரு சீட்டைக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அப்போது ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்குத் துறையில் வேலை கிடைத்ததிலிருந்து மேடம் என்று கூப்பிடத் தொடங்கியவர், எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. திண்ணையில் உட்கார்ந்து நண்டு வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். நான் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தேன். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அன்னைக்கு இதுகூட இன்னொரு புட்டி எடுத்தோமே மேடம், அது இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "காயவிட்டுடாதீங்க. வருசத்துக்கு ஒருவாட்டி திறந்து ஊத்தணும்" என்றார்.

அந்த வேலையை வைத்து ஒரு கட்டுரை எழுதினோம். கடைசியில், நன்றி என்ற பகுதியில் அவர் பெயரைப் போட்டேன். தவறு செய்தேன். ஆசிரியர் வரிசையில் வந்திருக்க வேண்டிய பெயர் அது. தரவைச் சேகரித்தவர் அவர், காரணத்தைக் கண்டவரும் அவர். பட்டம் இல்லாதவர் பெயரைச் சேர்த்தால் கேள்வி வருமோ என்று தயங்கினேன். வந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

பல வருடம் தினக்கூலியாகவே வைத்திருந்தார்கள். வேலைக்கு வந்தது 2003-க்கு முன்னால், நிரந்தரமானது அதற்குப் பின்னால். 2003 ஏப்ரல் முதல் தேதியிலும் அதற்குப் பிறகும் பணியேற்றவர்களுக்கு அப்போது பங்களிப்பு ஓய்வூதியம்தான் இருந்தது. அதனால் மாதா மாதம் வரும் பழைய ஓய்வூதியம் அவருக்கு இல்லை. முந்தைய வருடங்களையும் கணக்கில் எடுக்கச் சொல்லி மனு கொடுத்தார். நான்தான் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. அறுபது வயதுக்கு மேலும் நண்டு வலைக்குப் போனது ஆசைக்காக இல்லை.

துட்டி கேட்கப் போனபோது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. "பாப்பா வந்துச்சு, பாப்பா வந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாக" என்றார். வீட்டில் என்னை அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் காரங்காட்டுப் பக்கம் மாதிரி எடுக்கப் போயிருந்தோம். புது மாணவன் சீட்டில் தேதியும் எண்ணும் எழுதிவிட்டு நிமிர்ந்தான். காற்று என்னவென்று எழுது என்றேன். செல்போனைத் தடவிப் பார்த்துவிட்டு, "தென்மேற்கு" என்றான். படகோட்டி திரும்பிப் பார்த்தார். "கச்சான்தான் தம்பி. ஆனா விட்டு விட்டு அடிக்குது, சாயங்காலம் மாறும்" என்றார். அதையும் எழுதச் சொன்னேன். சீட்டு போதாமல் பின்பக்கம் திருப்பி எழுதினான்.