529 எம்பிக்குள் சிக்கிய அப்டேட்

2024 ஜனவரியில் வந்த கேபி5034441 என்ற அப்டேட்டோடு மல்லுக்கட்டியவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். விண்டோஸ் 10-க்கு வந்தது. இறங்கும், நிறுவத் தொடங்கும், அப்புறம் 0எக்ஸ்80070643 என்று ஒரு எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். பக்கத்திலேயே 'மீண்டும் முயற்சி செய்' பட்டன். நானும் அசராமல் அழுத்தினேன், எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

அந்த எண்ணுக்கு அர்த்தம் வெறுமனே 'நிறுவ முடியவில்லை' என்பதுதான். உண்மையில் 'இடம் போதவில்லை' என்ற செய்திதான் வந்திருக்க வேண்டும், பிழையைக் கையாளும் விதத்தில் இருந்த ஒரு கோளாறால் இது வந்துவிட்டது. இது தெரியாமல் சிஸ்டம் கோப்புகளைச் சரிபார்த்தேன், அப்டேட் கேஷைக் காலி செய்தேன், சி டிரைவில் 60 ஜிபி காலியாக இருந்தும் பழைய வீடியோக்களை எல்லாம் அழித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது, ஏனென்றால் இடம் பற்றாமல் இருந்தது சி டிரைவில் இல்லை, டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்திருக்கும், கண்ணுக்கே தெரியாத ரெக்கவரி பார்ட்டிஷன் என்ற பகுதியில்.

விண்டோஸ் எழுந்திருக்க மறுக்கும்போது நீலத் திரையில் 'ட்ரபிள்ஷூட்' என்று வருமே, அது தனியாக ஒரு குட்டி விண்டோஸ். அந்த ரெக்கவரி பார்ட்டிஷனில் வின்ஆர்ஈ.விம் என்ற ஒரே கோப்புக்குள் இருக்கிறது. டிஸ்க்கில் இருப்பதை மற்றவர்கள் படிக்க முடியாமல் மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டை அந்தக் குட்டி விண்டோஸ் வழியாகத் தாண்டிவிடலாம் என்று ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள், அதை அடைக்கத்தான் இந்த அப்டேட். அதற்கு ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியாக இருக்க வேண்டும். என்னுடையது மொத்தமே 529 எம்பி, அதில் அந்தக் கோப்பு மட்டுமே 450-ஐ ஒட்டி.

சரி, பெரிதாக்க வேண்டியதுதானே என்று அதிகாரப்பூர்வ வழிமுறையை எடுத்தேன். சி டிரைவை 250 எம்பி சுருக்கு, ரெக்கவரி பார்ட்டிஷனை அழி, கிடைக்கும் மொத்த இடத்தில் புதிதாக ஒன்று போடு. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அது சி டிரைவுக்கு அடுத்தபடியாக ரெக்கவரி இருந்தால்தான் பலிக்கும். டிஸ்க்பார்ட் (டிஸ்க்கைப் பிரிக்கும் விண்டோஸ் கருவி) திறந்து பார்ட்டிஷன்களைப் பட்டியல் போட்டேன்: முதலில் ரெக்கவரி, அப்புறம் விண்டோஸைத் தொடங்கி வைக்கும் 100 எம்பி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், 16 எம்பிக்கு ஒரு துண்டு, கடைசியில்தான் சி. பழைய விண்டோஸ் 10 பதிப்புகள் இப்படித்தான் டிஸ்க்கின் தலைமாட்டில் ரெக்கவரியை வைக்கும், 2020-இல் வந்த '2004' என்ற பதிப்பிலிருந்துதான் சி-க்குப் பின்னால் போனது. சி-யைச் சுருக்கினால் இடம் அதன் வால் பக்கத்தில்தான் கிடைக்கும். ஆக முன்னால் 529, பின்னால் 250, நடுவில் சி. இரண்டும் சேரவே சேராது, 250-க்குள் அந்தக் கோப்பும் அடங்காது. சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தால் ரெக்கவரியே இல்லாமல் நின்றிருப்பேன்.

அதனால் வரிசையை மாற்றினேன். முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு (பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் அந்த 48 இலக்கச் சாவியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து அதே கணினியில் இல்லை), அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் ரீஏஜென்ட்சி கட்டளையை டிஸேபிள் என்று கொடுத்தேன். இது குட்டி விண்டோஸை நிறுத்துவதோடு வின்ஆர்ஈ.விம் கோப்பையும் சி டிரைவில் சிஸ்டம்32-க்குள் இருக்கும் ரெக்கவரி ஃபோல்டருக்குக் கொண்டுவந்து வைக்கும். வெற்றி என்று பதில் வந்தது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று அந்த ஃபோல்டருக்குள் போய், கோப்புகளைப் பட்டியலிடும் டிஐஆர் கட்டளையை அடித்தால், கோப்பைக் காணோம்! வயிறு கலங்கிவிட்டது. இரண்டு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறைக்கப்பட்ட கோப்பாக இருக்குமோ என்று தோன்றி டிஐஆருக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் ஏ எழுத்தும் சேர்த்து அடித்தேன். அங்கேதான் இருந்தது. இதைக் கண்ணால் பார்க்காமல் பழைய பார்ட்டிஷன் மேல் கை வைக்காதீர்கள், அது போனால் விண்டோஸை நிறுவும் ஐஎஸ்ஓ கோப்புக்குள்ளிருந்து தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் டிஸ்க்பார்ட்டில் சி-யைத் தேர்ந்தெடுத்து 1000 எம்பி சுருக்கினேன். 250 எதற்கு, இன்னொரு முறை இந்தக் கூத்து வேண்டாம். பழையதை அழிக்கும் முன்பே புதியதைப் போட்டேன், அந்த நேரத்தில் டிஸ்க்கில் காலியாக இருந்த பெரிய இடம் வால் பக்கத்தில் மட்டும்தான் என்பதால் அது எங்கே போய் உட்காருமோ என்ற பயமே இல்லை. பார்ட்டிஷன் விவரத்தை டிஸ்க்கில் எழுதி வைக்க ஜிபிடி, எம்பிஆர் என்று இரண்டு முறைகள் உண்டு. ஜிபிடி டிஸ்க் என்றால், இது ரெக்கவரி பார்ட்டிஷன் என்று காட்டும், டிஇ94 என்று தொடங்கும் அந்த நீளமான அடையாளத்தையும், டிரைவ் எழுத்து கொடுக்காதே, இது கணினிக்குத் தேவையானது என்று சொல்லும் ஆட்ரிப்யூட்டையும் ஒரு எழுத்து பிசகாமல் கொடுக்க வேண்டும். பழைய எம்பிஆர் டிஸ்க்குக்கு 27 என்ற எண் மட்டும் போதும். என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட்.

கடைசியில்தான் பழையதை அழித்தேன். சாதாரணமாக டெலீட் சொன்னால் கேட்காது, ஓவர்ரைட் (override) என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். என்டர் தட்டுவதற்கு முன் பார்ட்டிஷன் எண்ணை மூன்று முறை பார்த்தேன், 529 எம்பி என்று அளவையும் வைத்து உறுதி செய்தேன். டிஸ்க்பார்ட் 'நிச்சயமாகவா?' என்றெல்லாம் கேட்காது.

வெளியே வந்து ரீஏஜென்ட்சியை எனேபிள் செய்து, இன்ஃபோ போட்டுப் பார்த்தால் 'எனேபிள்ட்', பார்ட்டிஷன் எண்ணும் மாறியிருந்தது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து நீலத் திரை வருகிறதா என்றும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன். அப்டேட்டை மறுபடி ஓட விட்டேன், இந்த முறை முனகாமல் ஏறிவிட்டது.

முன்னால் இருந்த 529 எம்பி இப்போது யாருக்கும் பயனில்லாமல் காலியாகக் கிடக்கிறது. விண்டோஸின் சொந்தக் கருவி பின்னால் ஒட்டியிருக்கும் இடத்தைத்தான் சி-யோடு சேர்க்கும், முன்னால் இருப்பதைச் சேர்க்க வேறு மென்பொருளைப் போட்டு சி மொத்தத்தையும் நகர்த்த வேண்டும். அரை ஜிபிக்காக அந்த வேலையெல்லாம் என்னால் ஆகாது.